ஹரிகேன் பருவத்துக்கு முன் சிறிய எஃப்எம் நிலையம்: டவர், டீசல், லிங்க், எதை முதலில் கவனிப்பது?

கரையோர_அலை:

வணக்கம். அமெரிக்காவின் லூசியானா கடலோரத்தில் 6 கிலோவாட் ஈஆர்பி (ஆண்டெனாவின் பெருக்கமும் சேர்ந்த ஒலிபரப்புத் திறன்) உள்ள எஃப்எம் நிலையம் ஒன்றின் தொழில்நுட்பப் பொறுப்பு கைக்கு வந்திருக்கிறது. ஜூன் 1-ல் ஹரிகேன் பருவம் தொடங்குகிறது. அதற்குள் எதை முதலில் சரிபார்ப்பது என்று இங்குள்ள பிராட்காஸ்ட் ஆட்களிடம் கேட்கிறேன்.

இருப்பவை: ஸ்டே கம்பிகள் (தரையிலிருந்து இழுத்துக் கட்டிய தாங்கு கம்பிகள்) பிடித்து நிற்கும் 90 மீட்டர் டவர், நாலு பே (அடுக்கு) ஆண்டெனா, டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஆண்டெனாவுக்குப் போகும், உள்ளே காற்று உள்ள வகை ஃபீடர் கேபிள். டிரான்ஸ்மிட்டரின் வெளியீடு 3.3 கிலோவாட், திண்மநிலை (டிரான்சிஸ்டர்) வகை. 20 கிலோவாட் டீசல் ஜெனரேட்டர், 500 லிட்டர் டேங்க். ஸ்டுடியோ 14 கிலோமீட்டர் தள்ளி, நடுவில் நிகழ்ச்சியை டவருக்குக் கொண்டுவரும் 950 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ லிங்க். டவரடி அறையில் ஆள் கிடையாது.

ஸ்டே கம்பிகளைப் புயலுக்கு முன்னால் கொஞ்சம் தளர்த்தி விட்டால் டவர் காற்றுக்கு வளைந்து கொடுக்கும் என்கிறார் ஒருவர். சரியா? 500 லிட்டர் எத்தனை நாள் தாங்கும்? ஸ்டுடியோ போய்விட்டால் ஒலிபரப்பை எப்படித் தொடர்வது? புயல் அடிக்கும்போது டவரடியில் ஒருவர் இருக்கத்தான் வேண்டுமா?

---

மூன்றாம்_ஸ்டே:

தளர்த்தவே தளர்த்தாதீர்கள். இந்த யோசனை எங்கிருந்து கிளம்புகிறதோ தெரியவில்லை, வருடா வருடம் வருகிறது. ஸ்டே டவரின் மாஸ்ட், அதாவது நடுக்கம்பம், தனியாக நிற்கும் தூண் இல்லை. ஒவ்வொரு ஸ்டே மட்டமும் அதை அந்தந்த இடத்தில் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் மெலிந்த மாஸ்ட் நெளியாமல் நிற்கிறது. கம்பி தளர்ந்திருந்தால் டவர் முதலில் நகர்ந்து, பிறகு கம்பி சட்டென்று இறுகும் இடத்தில் போய் இடிபடும். ஒவ்வொரு வீச்சுக்கும் இந்த வெட்டு விழும். அறுவது பெரும்பாலும் கம்பியின் நடுப்பகுதி இல்லை, கம்பியின் நுனியைப் பிடிக்கும் முனைப்பிடியும், தரையில் புதைத்த ஆங்கரோடு சேரும் இணைப்பும்தான். அதற்காக அளவுக்கு மீறி இறுக்கவும் கூடாது. அந்த இழுவை முழுவதும் மாஸ்ட் மீதும் அடித்தளத்தின் மீதும் கூடுதல் அழுத்தமாக இறங்கும்.

டவர்களுக்கான அமெரிக்கத் தரமான டிஐஏ-222-இன்படி ஆரம்ப இழுவிசை கம்பியின் அறும் பலத்தில் 7 முதல் 15 விழுக்காடு வரை இருக்கலாம், வழக்கமாக 10. உங்கள் டவர் வரைபடத்தில் வெப்பநிலைவாரியாக ஒரு அட்டவணை இருக்கும், அதுதான் கடைசி வார்த்தை. இழுவையை அளக்கும் டைனமோமீட்டர் இல்லாவிட்டாலும் காற்றில்லாத காலையில் ஒரு ஸ்டாப் வாட்ச் போதும். ஆங்கருக்குப் பக்கத்தில் கம்பியைக் கையால் வெடுக்கென்று இழுத்து விடுங்கள். அந்த அதிர்வு மேலே போய்த் திரும்பி வந்து கையில் தட்டும். பத்துத் தட்டுக்கு ஆகும் நேரத்தைப் பத்தால் வகுத்தால் ஒரு சுற்றின் நேரம். இழுவிசை = 4 × ஒரு மீட்டர் கம்பியின் எடை (கிலோவில்) × நீளத்தின் வர்க்கம் ÷ நேரத்தின் வர்க்கம். விடை நியூட்டனில் வரும்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். 3/8 அங்குல இஎச்எஸ் (மிகு வலிமை எஃகு) கம்பி, நீளம் 80 மீட்டர். எடை மீட்டருக்கு 0.406 கிலோ, அறும் பலம் 15,400 பவுண்டு, அதாவது சுமார் 68.5 கிலோ நியூட்டன். அதில் 10 விழுக்காடு 6,850 நியூட்டன். இந்த இழுவையில் பத்துச் சுற்று 12.3 நொடியில் முடியும். 17 நொடிக்கு மேல் போனால் இழுவை பாதியாகிவிட்டது என்று அர்த்தம். ஒரே மட்டத்தின் மூன்று கம்பிகளும் கிட்டத்தட்ட ஒரே நேரம் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் விலகினால் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் திருகான டர்ன்பக்கிளில் உடனே கை வைக்காதீர்கள். அந்தப் பக்க ஆங்கர் நகர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆங்கர் கம்பி மண்ணுக்குள் நுழையும் இடத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கும். வெளியே கால்வனைஸ் பளபளக்கும், மண்ணுக்குக் கீழே பென்சில் கனத்துக்கு அரித்திருக்கும். செம்பு எர்த் ராடும் கால்வனைஸ் இரும்பும் ஈர மண்ணில் சேர்ந்தால் இரும்புதான் கரையும். தோண்டிப் பார்க்கும் வேலையைத் தகுதியுள்ள டவர் குழுவிடம் விடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு ஆங்கர்தான் திறக்க வேண்டும், தேவைப்பட்டால் தற்காலிக ஆங்கர் போட்டுக்கொண்டு. நீங்களே செய்யக்கூடியவை: டர்ன்பக்கிள் சுழலாமல் பூட்டும் கம்பி இருக்கிறதா, பின் எல்லாம் இடத்தில் இருக்கிறதா, முனைப்பிடியின் இழைகள் முழுதாகச் சுற்றப்பட்டு நுனி பிரியாமல் இருக்கிறதா.

அடுத்தது சுமை. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 120-லிருந்து 240 கிலோமீட்டருக்குப் போனால் விசை நாலு மடங்கு. எனவே உபயோகத்தில் இல்லாத பழைய டிஷ், டவரில் வாடகைக்கு இடம் எடுத்தவர் விட்டுப்போன ஆண்டெனா, செத்த கேபிள் எல்லாவற்றையும் ஏப்ரல், மே மாதமே இறக்கிவிடுங்கள். வடிவமைப்பு வேகத்தையும் வானிலை அறிக்கையையும் ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை: டிஐஏ-222-இன் ‘ஜி’ பதிப்பிலிருந்து வரைபடம் சொல்வது 3 நொடி வீச்சு வேகம், அறிக்கை சொல்வது ஒரு நிமிடச் சராசரி. வீச்சு எப்போதும் சராசரியைவிடக் கூடுதல். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் நீங்கள் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்.

கடைசிக் கேள்விக்கு: இருக்கக் கூடாது. டவரின் உயரம் எவ்வளவோ அந்த ஆரத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது. 2020 ஆகஸ்ட் 27 அன்று லாரா ஹரிகேனில் லேக் சார்ல்ஸில் கேபிஎல்சி தொலைக்காட்சியின் டவர் சாய்ந்து அவர்கள் ஸ்டுடியோ கட்டடத்தின் மேலேயே விழுந்தது. ஊழியர்கள் முன்கூட்டியே வெளியேறி பேட்டன் ரூஜிலிருந்து ஒளிபரப்பிக்கொண்டிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் மாநிலம்தான் இது.

---

டீசல்_கணக்கு:

டவர் பகுதியை மேலே உள்ளவர் சரியாகச் சொல்லிவிட்டார். ஆனால் டவர் நன்றாக நின்றுகொண்டிருக்கும்போதே டீசலும் ஜெனரேட்டரும் கைவிட்டு நிலையம் ஊமையாவதைத்தான் நான் பெரிதாகப் பயப்படுவேன்.

உங்கள் எண்களை வைத்துப் பார்ப்போம். 3.3 கிலோவாட் வெளியீட்டுக்கு டிரான்ஸ்மிட்டர் சுமார் 4.7 கிலோவாட் உறிஞ்சும். ஏசி 3, ரேக்கும் விளக்கும் 1 என்று வைத்தால் மொத்தம் 9 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் கீழே. 20 கிலோவாட் செட் பாதிச் சுமையில் மணிக்கு 3.4 லிட்டர் குடிக்கும், உங்களுக்கு 3.2 என்று கொள்ளலாம். 500 லிட்டர் டேங்கில் அடியில் உள்ள கசடு, உறிஞ்சு குழாயின் உயரம் போக 450 லிட்டர்தான் கைக்கு வரும். 140 மணி நேரம், ஆறு நாளுக்குச் சற்றுக் குறைவு. சாலை அடைபட்டு டேங்கர் வர முடியாத நாட்களையும் சேர்த்தால் இது போதாது. பத்து நாளுக்கு 770 லிட்டர் வேண்டும்.

வெளியீட்டைக் குறைத்தால் டீசல் மிச்சமாகும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. அதே செட் கால் சுமையில் 2.3 லிட்டர் எரிக்கும். அதாவது சுமையைப் பாதியாக்கினால் டீசலில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதோடு, 30 விழுக்காட்டுக்குக் குறைந்த சுமையில் நாள்கணக்கில் ஓட்டினால் எரியாத டீசல் சைலன்சரில் கறுப்பாகக் கசியத் தொடங்கும். நீண்ட மின்வெட்டுக்கு உண்மையான தீர்வு 7 அல்லது 8 கிலோவாட் சிறிய செட் ஒன்றை இரண்டாவதாக வைப்பதுதான்.

புயலில் ஜெனரேட்டர் நிற்பதற்கான காரணங்கள், நான் பயப்படும் வரிசையில்:

ஸ்டார்ட் பேட்டரி. மூன்று வருடம் தாண்டியதை மாற்றிவிடுங்கள், வோல்டேஜ் நன்றாகக் காட்டினாலும்.

டீசல் ஃபில்டர். டேங்க் அடியில் தண்ணீர் தேங்கி, டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் பாசி மாதிரி வளர்ந்து கிடக்கும். மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் சும்மா ஓட்டும்போது தெரியாது. தொடர்ந்து ஓடி, டேங்க் மட்டம் இறங்கி, கசடு கலங்கும்போது ஃபில்டர் அடைக்கும். ஆறு ஃபில்டராவது கையிருப்பில் இருக்கட்டும், மாற்றியபின் காற்றை வெளியேற்றத் தெரிந்த ஆளும் இருக்கட்டும். மாதச் சோதனையை உண்மையான சுமையில் ஒரு மணி நேரம் செய்யுங்கள்.

ரேடியேட்டர். பறந்து வரும் இலையும் கூரைத் தகடும் முன்னால் ஒட்டிக்கொண்டால் இன்ஜின் சூடேறி நின்றுவிடும். கண்ணியளவு ஒரு அங்குலம் உள்ள வலைத் தடுப்பு முன்னால் ஒரு மீட்டர் தள்ளி நிற்கட்டும். காற்று வரும் லூவர் (சாய்வுத் தகட்டுச் சட்டம்) வழியே கிடைமட்டமாக வரும் மழை ஆல்டர்னேட்டரை நனைக்காதபடி தடுப்புச் சுவரும் வேண்டும்.

ஆயில். 250 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றால் பத்து நாள் ஓட்டத்திலேயே அது வந்துவிடுகிறது. ஆயில், ஆயில் ஃபில்டர், பெல்ட், கூலன்ட் நான்கும் ஜெனரேட்டர் அறையிலேயே.

வெள்ளம் ஏறும் இடமென்றால் டேங்கைக் கட்டிப்போடுங்கள். காலியான 1000 லிட்டர் டேங்கைத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு டன் விசையோடு மேலே தள்ளும். டீசல் நீரைவிட லேசு என்பதால் நிரம்பிய டேங்குக்கும் 160 கிலோ மிதப்பு உண்டு. மூச்சுக்குழாயின் வாய் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும். புயலுக்கு முன் டேங்கை நிரப்பி வைப்பதில் இரண்டு லாபம்.

டேங்கர்காரரோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், மே மாதத்துக்குள். எச்சரிக்கை வந்தபின் கூப்பிட்டால் மருத்துவமனைகளுக்குப் பின்னால்தான் உங்கள் வரிசை. அது நியாயமும்கூட.

---

மின்_நாற்பது:

மேலே சொன்னதோடு ஒன்றிரண்டு. ஜெனரேட்டர் ஓடுகிறது, ஆனால் யூபிஎஸ் அதை ஏற்காமல் பேட்டரியிலேயே ஓடித் தீர்ந்துவிட்டது என்ற புகார் மிகச் சாதாரணம். சுமை ஏறி இறங்கும்போது ஃப்ரீக்வென்சி ஆடுகிறது, யூபிஎஸ் அதைக் கெட்ட மின்சாரம் என்று ஒதுக்குகிறது. உள்ளீட்டு ஃப்ரீக்வென்சி வரம்பை அகலப்படுத்துங்கள், அல்லது வரும் மின்சாரத்தை டிசியாக்கி மீண்டும் ஏசியாக்கித் தரும் இரட்டை மாற்று வகைக்குப் போங்கள்.

லைன் மின்சாரம் திரும்பும் நேரம்தான் டிரான்ஸ்மிட்டருக்குக் கண்டம். போகும், வரும், ஒரு ஃபேஸ் இல்லாமல் வரும். தானியங்கி மாற்று ஸ்விட்ச் திரும்ப லைனுக்குப் போக 30 நிமிடத் தாமதம் வையுங்கள். மூன்று ஃபேஸ் என்றால் ஃபேஸ் இழப்பு ரிலே கட்டாயம். லைனைச் சரிசெய்தவர்கள் இரண்டு ஃபேஸை மாற்றிக் கட்டிவிட்டுப் போவதும் உண்டு. அப்போது எல்லாம் ஓடுவது போலவே இருக்கும், ப்ளோயர் மட்டும் தலைகீழாகச் சுற்றும். காற்று கொஞ்சம் வரும் என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள், சூடு மட்டும் மெதுவாக ஏறும்.

---

கரையோர_அலை:

நன்றி. ஸ்டே கம்பிக் கணக்கு பெரிய உதவி. ஒரு ஐயம்: டவர் நின்றும் ஆண்டெனாவோ ஃபீடரோ போய்விட்டால்? அந்த நிலையில் அமெரிக்க ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசியின் விதி எதைச் செய்ய விடும்? லிங்க் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

---

குறுக்குவழி_லிங்க்:

லிங்க்கில் தொடங்குகிறேன். 950 மெகாஹெர்ட்ஸ் இருப்பது ஒரு வகையில் அதிர்ஷ்டம். 1.8 மீட்டர் டிஷ்ஷின் கற்றை அங்கே சுமார் 12 டிகிரி அகலம். காற்று டிஷ்ஷை நாலு டிகிரி திருப்பினாலும் சிக்னல் தாக்குப்பிடிக்கும். இதே டிஷ் 6 கிகாஹெர்ட்ஸில் 2 டிகிரிதான், சற்றே நகர்ந்தாலும் போச்சு. ஆனாலும் டிஷ்ஷின் பக்கவாட்டுத் தாங்கு கம்பி இருக்கிறதா என்று பாருங்கள், அதை மறந்து விட்டிருப்பதைப் பல டவர்களில் காணலாம். இரண்டாம் வழியாக, இணையத்தில் ஒலியை அனுப்பும் ஐபி கோடெக், அதற்குக் குறைந்தது இரண்டு வேறுவேறு பாதை. இரண்டு மொபைல் நிறுவனங்களின் சிம் போட்டால் இரண்டு பாதை ஆகிவிட்டது என்று நம்ப வேண்டாம், இருவரும் ஒரே டவரிலும் ஒரே ஃபைபரிலும் இருக்கலாம். 2017-ல் மரியா ஹரிகேனுக்குப் பிறகு போர்ட்டோ ரிக்கோவில் 95 விழுக்காட்டுக்கு மேல் செல் தளங்கள் செயலிழந்தன. அப்போது தீவுக்குக் குரலாக இருந்தவற்றில் வாபா ரேடியோ 680 ஏஎம் முக்கியமானது. செயற்கைக்கோள் இணையத் தட்டு வைத்தால் காற்றுக்கு முன் கழற்றி உள்ளே வைத்து, காற்று அடங்கியபின் பொருத்துங்கள்.

ஆனால் எல்லா லிங்க்கும் போகும் என்று வைத்தே திட்டமிடுங்கள். டவரடி அறையில் ஒரு மேசை, இரண்டு மைக், சிறிய மிக்சர், ஹெட்ஃபோன், ஒரு லேப்டாப், பேட்டரி விளக்கு. புயல் கடந்ததும் ஒருவர் அங்கே போய் உட்கார்ந்து பேச முடிந்தால் நிலையம் உயிரோடு இருக்கிறது. அதுவரை இடைவெளியை நிரப்ப 60 நொடி அமைதியில் தானாகத் தொடங்கும் ஒரு ப்ளேயர் வையுங்கள். இதில் பலர் தவறவிடும் ஒரு கண்ணி: அவசர எச்சரிக்கையை ஒலிபரப்பில் புகுத்தும் இஏஎஸ் கருவி ஸ்டுடியோவில் இருந்து, நீங்கள் டவரடியிலிருந்து நேராகப் பேசினால், அவசர எச்சரிக்கை உங்கள் அலைவரிசைக்கு வராது. கருவியை டிரான்ஸ்மிட்டர் பக்கம் வைப்பதே மேல்.

கத்ரீனா ஹரிகேனில், 2005-ல், நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூடபிள்யூஎல் 870 ஏஎம் ஒலித்துக்கொண்டே இருந்ததன் பின்னால் 50 கிலோவாட் மட்டும் இல்லை. ஸ்டுடியோவை பேட்டன் ரூஜுக்கு மாற்ற முடிந்தது. போட்டி நிறுவனங்களின் நிலையங்களே ஒன்றுசேர்ந்து ஒரே ஒலிபரப்பைப் பகிர்ந்தன. பக்கத்து ஊர் நிலையத்தோடு இப்படி ஒரு ஏற்பாட்டை இப்போதே பேசி வையுங்கள். உங்கள் டவர் விழுந்தால் உங்கள் அறிவிப்பாளர் அவர்கள் மைக்கில் பேசலாம், அவர்கள் டவர் விழுந்தால் மறுபக்கம்.

ஆண்டெனா போனால்: ஒரு பே ஆண்டெனா, 30 மீட்டர் அரை அங்குல ஃபோம் கேபிள், இரண்டு முனையிலும் கனெக்டர் போட்டுச் சோதித்தது, 300 வாட் டிரான்ஸ்மிட்டர், 12 முதல் 15 மீட்டர் ஏற்றும் கம்பம். எல்லாம் ஒரே பெட்டியில், டவரின் விழும் ஆரத்துக்கு வெளியே. அந்த கேபிளில் இழப்பு முக்கால் டெசிபல்கூட வராது. பெரிய பரப்பு கிடைக்காது, ஊருக்குக் கேட்கும். ஆண்டெனா தாழ்வாக இருப்பதால் அதைச் சுற்றி 10 மீட்டருக்குள் ஆள் நிற்காதபடி கயிறு கட்டுங்கள்.

விதிகள் இந்த இடத்தில் தாராளமாகவே இருக்கின்றன. சேதமானால் எஃப்சிசி விதி 73.1680-இன் கீழ் முன்னனுமதி இல்லாமலே அவசர ஆண்டெனாவைப் போடலாம், தொடர்ந்து பயன்படுத்த 24 மணி நேரத்துக்குள் எஃப்சிசியிடம் கேட்டுவிட வேண்டும். முழுவதும் நின்றுவிட்டால் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், 30 நாளைத் தாண்டினால் தற்காலிக அனுமதி வேண்டும். தொடர்ந்து 12 மாதம் ஒலிக்காவிட்டால் லைசென்ஸே போய்விடும். டவரின் மேல் விளக்கு அணைந்து 30 நிமிடத்துக்குள் சரியாகாவிட்டால் விமானத் துறைக்கு உடனே சொல்ல வேண்டும். புயலில் இதுதான் முதலில் மறந்துபோவது. எஃப்சிசியின் பேரிடர்த் தகவல் அமைப்பான டிர்ஸில் நிலவரத்தைப் பதிவது வானொலிக்குக் கட்டாயமில்லை, ஆனாலும் பதியுங்கள், அந்தத் தகவல் பேரிடர் முகமையான ஃபீமாவுக்கும் போகிறது. ஏஎம் நண்பர்களுக்கு ஒரு வரி: உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்துள்ள நேரத்தில், விளம்பரமில்லாமல், இரவிலும் பகல்நேர முழுத் திறனைப் பயன்படுத்த 73.1250 இடம் தருகிறது.

---

மூன்றாம்_ஸ்டே:

ஃபீடர் பற்றி நான் விட்டுவிட்டேன். காற்றுள்ள ஃபீடரில் உலர்ந்த காற்றின் அழுத்தம் 3 முதல் 5 பிஎஸ்ஐ எப்போதும் இருக்க வேண்டும். அந்தக் காற்றை உலர்த்தித் தரும் டீஹைட்ரேட்டர் மின்சாரத்தில் ஓடுவது. அது நின்றால் இரவில் குழாய் குளிர்ந்து, சின்னக் கசிவு வழியே ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். எனவே ஒரு நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும் பக்கத்திலேயே. மே மாதம் சப்ளையை மூடிவிட்டு ஒரு நாள் கழித்து அழுத்தத்தைப் பாருங்கள். பாதிக்கு மேல் இறங்கினால் கசிவைத் தேடுங்கள். புயலுக்குப்பின் ஆண்டெனா பக்கமிருந்து திரும்பும் பிரதிபலிப்பு ஏறியிருந்தால் முழுத் திறனுக்குத் தள்ளாதீர்கள். பிரதிபலிப்பைக் காட்டும் அளவான விஎஸ்டபிள்யூஆர் 1.5 என்றால் 4 விழுக்காடு திரும்புகிறது, உங்களுக்கு 130 வாட். அதுவரை டிரான்ஸ்மிட்டர் தாங்கும். 2 ஆனால் 11 விழுக்காடு. கால் பங்குத் திறனில் வைத்து, அந்த எண் நிலையாக நிற்கிறதா ஏறுகிறதா என்று ஒரு மணி நேரம் பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் உள்ளே எங்கோ எரிகிறது, நிறுத்திவிடுங்கள்.

டவரில் ஏறுவதற்கு முன்பு தரையிலிருந்து: மூன்று ஆங்கரிலும் மண் வெடித்திருக்கிறதா, கான்கிரீட் மேலெழுந்திருக்கிறதா. ஏதாவது ஸ்டே கம்பி தொய்ந்திருக்கிறதா, மரம் சாய்ந்து கிடக்கிறதா. மரத்தை வெட்டுவதும் டவர் குழுவின் வேலையே, எடை திடீரென்று விடுபட்டால் கம்பி சாட்டை போல் வீசும். பிறகு இரண்டு திசையிலிருந்து தியோடலைட் (கோணம் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். செங்குத்து விலகல் உயரத்தில் 0.25 விழுக்காடு வரை, 90 மீட்டருக்கு 22.5 சென்டிமீட்டர். முறுக்கு 3 மீட்டருக்கு அரை டிகிரி, மொத்தம் 5 டிகிரி. இதைத் தாண்டியிருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்கும்வரை யாரையும் ஏற்றக் கூடாது, விளம்பரதாரர் எத்தனை தடவை போன் செய்தாலும்.

---

டீசல்_கணக்கு:

கூடவே ஒன்று. புயல் எச்சரிக்கை வந்த அன்றே சங்கிலி ரம்பம், அதற்கான பெட்ரோல், டவரடிச் சாலைக் கதவின் சாவி மூன்றும் ஒரே வண்டியில் இருக்கட்டும். 500 லிட்டர் டீசல் கதவுக்கு வெளியே வந்து நின்று, பூட்டைத் திறக்க ஆளில்லாமல் டேங்கர் அடுத்த இடத்துக்குப் போய்விடும்.